விழுந்துச்சு

பருத்திப்பட்டு, ஆவடி
7.9.2025

அன்புள்ள ஜஸ்டினுக்கு,

வேம்புலி எழுதுவது. கோமளாவும் சுவேதாவும் சுகம். என் கால் மழைக்கு மட்டும் தொந்தரவு செய்கிறது. மார்த்தாண்டத்தில் நீயும் உன் வீட்டுக்காரி பேபியும் சுகந்தானே? உங்கள் பெண் பவ்யா மாசமாக இருப்பதாகக் கோமளா சொன்னாள். பவ்யாவுக்கு என்ன வயது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. என் காலுக்கும் அதே வயதுதான்.

போனில் நீ அகப்படவில்லை. ரிங் போய்ப் போய் நின்றுவிடுகிறது. அதனால்தான் பட்டாளத்தில் எழுதியதுபோல இன்லேண்டு கணக்காக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஏரிக்கரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் செக்யூரிட்டியாக இருப்பது உனக்குத் தெரியும். இந்தக் கட்டடம் நிற்கிற நிலத்தில் என் அப்பா கூலிக்கு நாற்று நட்டார். இப்போது நான் கேட் திறக்கிறேன். காவலாளிகள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று ஒட்டியிருக்கிறார்கள். இந்தக் காலோடு ஐந்தாம் மாடிக்குக் கூரியர் தூக்கிப் போகிறேன்.

ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்ற என்னைக் கூப்பிட்டார்கள். கார்கிலில் காயம்பட்டவர் என்று பேனர் அடிக்க வேண்டும், பேப்பர் ஏதாவது கொடு என்றார் சங்கச் செயலாளர் பக்தவத்சலம். டிஸ்சார்ஜ் புத்தகத்தை அப்படியே கொடுத்துவிட்டேன். யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. அவர் படித்துவிட்டார். ‘சரிவில் தவறி விழுந்து கால் முறிவு. எதிரித் தாக்குதலால் அல்ல.’ விழா அன்று அவரே கொடியேற்றினார். என்னை நாற்காலி போடச் சொன்னார்கள். போட்டேன். இவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஒரு பட்டாளத்துக்காரன் வேண்டும், அதுவும் பேப்பர் சுத்தமாக இருக்கிற ஆளாக. மற்ற நாளெல்லாம் கேட் திறக்கிறவன் போதும்.

என்னோடு கேட்டில் நிற்கிற செங்கல்வராயன் நல்ல பையன்தான், வாய்தான் சும்மா இருக்காது. அண்ணாத்தே, தரை ஈரமா கீது, பாத்து வா, உழுந்துடப் போறே என்கிறான் தினமும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். விழாவுக்குச் சுவேதாவும் வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், நைனா, இத்தினி நாளா எங்ககிட்ட கதை உட்டுக்கினு இருந்தியா என்று கேட்டாள். கை நீட்டிவிட்டேன். இருபத்துமூன்று வயதுப் பெண்ணை. அவள் அழவில்லை. லேப்டாப்பைத் திறந்து, பதிவைத் திருத்தக் கேட்டு மனு எழுத உட்கார்ந்தாள். மனுவைத் தவிர வேறு பேச்சு என்னோடு இல்லை.

எல்லாம் என் அரைகுறை இந்தியால் வந்தது. அந்த வருஷம் காயப்பட்டவர்களுக்குப் பதக்கப் பட்டியல் வாசித்தபோது என் பெயர் இல்லாமல் நான் விழித்ததும், ஸ்ட்ரெச்சரில் மயக்கத்தில் கிர் கயா என்று நீயே சொல்லிவிட்டாய் மச்சான் என்று நீதானே எனக்குச் சொன்னாய். நான் குண்டைச் சொல்லியிருப்பேன். நமக்கு விழுந்துச்சு என்றால் குண்டு, விழுந்தேன் என்றால் நான். அந்தப் பாஷையில் கிர் கயா என்றால் இரண்டுக்கும் பொருந்தும். எழுத்தர் என்னை விழவைத்துவிட்டார். யோசித்தால், குண்டும் விழுந்தது, அது தூக்கியடித்ததில் நானும் விழுந்தேன். பேப்பரில் ஒருத்தன்தான் இருக்கிறான்.

கூட இருந்த ஒருவரின் சாட்சி வேண்டும் என்று ரெக்கார்டு ஆபீசில் கேட்கிறார்கள். நவம்பர் முப்பதுக்குள் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம். அன்று அந்தச் சரிவில் நான் தனியாகத்தான் ஏறினேன். சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவன் நீ. நம் சுபேதாரும் போய்ச்சேர்ந்துவிட்டார். உன்னைவிட்டால் ஆள் இல்லை. இரண்டு வரி எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கி அனுப்பு. பதக்கம் வந்தால் அதைச் சுவேதா மேஜை மேல் வைப்பேன், வேறு எதற்கும் இல்லை.

பேபியையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

உன்,
வேம்புலி


பருத்திப்பட்டு
26.10.2025

அன்புள்ள ஜஸ்டினுக்கு,

இங்கே மழை விட்டபாடில்லை. ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது. நாங்கள் சுகம்.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பேபிதான் கோமளாவுக்குப் போன் செய்தாளாம். அவருக்கு பிரஷர் ஏறிக்கிடக்கிறது, பழசைக் கிளற வேண்டாம் அக்கா என்றாளாம். மாத்திரையை வேளைக்குப் போடு.

தகவல் உரிமையில் கேட்டிருந்த மருத்துவத் தாளின் நகல் வந்தது. ஒரே பக்கம். சுவேதா படித்துச் சொன்னாள். நோயாளிக்கு இந்தி வராது, தமிழில் சொன்னதைச் சிப்பாய் ஜஸ்டின் இந்தியில் எடுத்துச் சொன்னார். தவறி விழுந்தாரா என்று மறுபடி கேட்கப்பட்டது, ஜஸ்டின் ஆம் என்றார். அடியில் உன் பட்டாள நம்பர், உன் கையெழுத்து. ஆங்கில ஜே-க்கு மேல் ஒரு கொக்கி போடுவாயே, அதுகூடத் தெளிவாக இருக்கிறது.

நான் கிர் கயா என்று சொல்லவே இல்லை, ஜஸ்டின். விழுந்துச்சு என்றுதான் சொன்னேன். நீ வடக்கே பூசாவல் ரயில்வே காலனியில் வளர்ந்தவன், உனக்கு இந்தி தண்ணீர் பட்டபாடு. இரண்டாம் தடவை கேட்டபோது உனக்குப் புரியாமல் இருந்திருக்காது.

இருபத்தாறு வருஷம் என் வாயைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்பன் மாதிரி பாஷை தெரியாமல் கெட்டுப்போகக் கூடாது என்று சுவேதாவை ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தி டியூஷனுக்குத் துரத்தினேன். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அழுதுகொண்டே போவாள். அதை நினைத்தால்தான் இப்போது எனக்குத் தாங்கவில்லை.

கோபம் வந்தது. மறைக்கமாட்டேன். இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன், எங்கள் ஊரில் கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமா. பிறகு யோசித்தேன். அன்று கெரசின் கேனோடு ஏற வேண்டியது உன் முறை. பேபிக்குப் பிரசவம் ஆன செய்தி வந்து, போனில் குரலாவது கேட்டுவிட்டு வருகிறேன் என்று நீ கீழே ஓடினாய். போடா, நான் பார்த்துக்கிறேன் என்றவன் நான். குண்டு என்று எழுதினால் விசாரணை வரும், அந்த நேரம் டூட்டி யாருக்கு என்று கேட்பார்கள். ஊரில் பிறந்து மூன்று நாள் ஆன பிள்ளை. நீ பயந்திருக்கிறாய். உன்னைப் போகச் சொன்னதற்கு நான் இன்றும் வருத்தப்படவில்லை. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சொல் கண்டுபிடித்திருப்போம். நம்பாமல் விட்டாயே, அதுதான்.

இது நம்ம ஜஸ்டின் மாமாவா என்று சுவேதா கேட்டாள். எங்கள் கம்பெனியில் நாலு ஜஸ்டின் இருந்தார்கள் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குப் பொய் சரியா வரலை நைனா என்றாள். மறுநாள் என் டிபன் பாக்ஸை அவளே கட்டினாள். திறந்தால் முட்டை இருந்தது.

இந்தத் தாளை மனுவோடு சேர்த்தால் போதும், அவர்களே மாமாவைக் கேட்டுக்கொள்வார்கள் என்கிறாள். நான் சேர்க்கவில்லை. பீரோவில் கோமளாவின் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நவம்பர் முப்பது வரை அங்கே இருக்கும். அதற்குப் பிறகும் அங்கேதான் இருக்கும். நான் அப்படிப்பட்டவன் என்பது உனக்குத் தெரியும்.

சாட்சித் தாளைச் சுவேதாவே டைப் செய்தாள். இதோடு வைத்திருக்கிறேன். ‘எதிரியின் குண்டு விழுந்தது. அதில் வேம்புலி காயப்பட்டார்.’ அவ்வளவுதான். நீ அப்போது எங்கே இருந்தாய் என்று கேட்கிற வரியை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டாள், முணுமுணுத்துக்கொண்டேதான்.

பவ்யாவுக்கு டிசம்பர் முதல் வாரம் தேதி கொடுத்திருப்பதாகப் பேபி சொன்னாளாம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருப்பார்கள். இந்தத் தடவை நீ எங்கும் ஓட வேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே இரு. குழந்தையை உன் கையில்தான் முதலில் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் அந்தக் கையால் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு, ஜஸ்டின்.

உன்,
வேம்புலி