நோ போல் சொல்லாதேங்கோ, அப்பா

வெள்ளைத் தொப்பி போட்ட என் ஆசை அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. என் கை பிழைத்துவிட்டது. எந்தக் கை, அதற்கு என்ன வந்தது என்று பதறாதேங்கோ. நீங்கள் இருக்கிற இடத்தில் நேரத்துக்குக் குறைவில்லைதானே, ஆறுதலாகச் சொல்கிறேன்.

நீங்கள் போன அடுத்த வசந்தத்தில் நான் பேஸ்போல் கிளப் ஒன்றில் சேர்ந்தேன். கோபிக்க வேண்டாம். கிரிக்கெட் ஆட எங்கள் துன் நகரத்தில் பெண்கள் சேரவில்லை, இதுவோ ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் சின்ன லீக். என் சலூனுக்கு முடி வெட்ட வரும் ருவேடிதான் அங்கே பயிற்சியாளர். என் தோளைப் பார்த்து அழைத்துப் போனவர், முதல் நாளே என்னைப் பிட்சராக்கிவிட்டார். பிட்சர் என்றால் எங்கள் பந்துவீச்சாளர் மாதிரித்தான். ஆனால் ஓடி வருவதில்லை. சின்ன மண்மேட்டில் நின்று, ஒரு காலைத் தூக்கி முன்னால் எட்டி வைத்து, முழங்கையை மடக்கி எறிய வேண்டும்.

அங்கேதான் சிக்கல். எனக்கு முழங்கை மடங்க மாட்டேன் என்றது.

எப்படி மடங்கும்? நான் யாருடைய மகள்? கோடைகாலத் தமிழ் விளையாட்டுப் போட்டிகளில் அம்பயராக நின்று, கை மடங்கியவனை எல்லாம் "எறியிறாய் தம்பி, எறியிறாய்" என்று நோ போல் கொடுத்து விரட்டியவரின் மகள். சொந்த மச்சானுக்கே கொடுத்தீர்கள். மாமா அந்தத் தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. நீங்களோ "உறவு வேற, முழங்கை வேற" என்று சொல்லிவிட்டுப் பால்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தீர்கள். கையை மடக்கி எறிவது எங்கள் வீட்டில் களவெடுப்பதற்குச் சமம்.

ஆகவே நான் பேஸ்போலையும் நேர்க்கையால் எறிந்தேன். ஓடி வரும் வேகமும் இல்லாமல், இடுப்பும் திரும்பாமல், எல்லாப் பாரமும் தோளிலும் முழங்கையிலும். பந்து வேகமாகப் போனதால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கூர் நகரத்து அணியினர் என் எறியைப் பார்த்துக் குழம்பி, மட்டையைச் சுழற்றவே மறந்து நின்றார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஆடி மாதமளவில் முழங்கையின் உட்பக்கம் நோகத் தொடங்கியது. சலூனில் முடி உலர்த்தும் மெஷினைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை.

எங்கள் ஆட்கள் இதற்கு என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? அம்மா நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசினார். "ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை, இது நாவூறு, ஆரோ கண் வைச்சிட்டினம்" என்றார். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட, புகை அலாரம் கத்தி, கீழ்வீட்டு மனிசி இரவு உடுப்போடு ஓடி வந்துவிட்டா. கட்டடம் முழுவதும் இருமியது. நோவு மட்டும் போகவில்லை.

கடைசியில் ரெகுலா என்ற பிசியோவிடம் போனேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பந்தை ஒருமுறை மெதுவாக எறியச் சொல்லிக் கைபேசியில் படம் பிடித்தார். அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பின் கேட்டார்: "முழங்கையை மடக்கினால் யாராவது உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?"

"அப்பா நோ போல் தருவார்" என்றேன். கிரிக்கெட்டை ஒரு சுவிஸ் மனிசிக்கு எப்போதாவது விளக்கிப் பார்த்திருக்கிறீர்களா? சிகிச்சை நேரத்தில் பாதி அதிலேயே போயிற்று.

சிரித்து முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் நார் இழுபட்டிருக்கிறதாம், இன்னும் அறவில்லையாம். இப்படியே எறிந்தால் அறுந்துவிடும். அறுந்தால் சத்திரசிகிச்சை, ஒரு வருடத்துக்குப் பந்தும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. நான் நன்றாகப் பயந்துவிட்டேன் அப்பா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"உன்ர கொப்பரும் இப்பிடித்தான் பிள்ளை. பள்ளிக்கூடப் பெரிய மட்ச்சில தோள் நோக நோக நாள் முழுக்கப் பந்து போட்டவர். கப்டன் கேட்டும் பந்தைக் குடுக்கேல்லையாம். நோகுதெண்டு சொன்னால் வெக்கமாம். அதோட வலக்கை தோளுக்கு மேல எழும்பேல்லை."

"எனக்கு ஏனம்மா இது தெரியாது?"

"அவர் இடக்கையால தலை இழுக்கிறதை நீ காணேல்லையோ?"

கண்டிருக்கிறேன். வலக்கையால் எழுதுகிற மனிதர் இடக்கையால் தலை வாருவதை ஒவ்வொரு நாளும் கண்டிருக்கிறேன். அது உங்கள் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். அந்தத் தோளோடு ஹோட்டல் குசினியில் பெரிய சமையல் கிடாரங்களை எப்படித் தூக்கினீர்கள்? எல்லாரும் ஆட, நீங்கள் மட்டும் ஏன் எப்போதும் அம்பயராகவே நின்றீர்கள்? அன்று நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

அடுத்த நாளே ருவேடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாரி முழுவதும் பந்தைத் தொடவில்லை. ரப்பர் பட்டியை இழுத்துத் தோளைப் பலப்படுத்தினேன், காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்தேன். பனி கரைந்ததும் கிட்ட நின்று மெதுவாக எறிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூட்டினேன். கால் எட்டி ஊன்ற வேண்டும், பிறகு இடுப்புத் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் தோள். முழங்கை மடங்கித் தோள் மட்டத்தில் வர, கை கடைசியாக வந்து சேரும். எறிந்த பின்னும் கையைச் சட்டென்று நிறுத்தாமல் அதன் பாட்டில் போக விட வேண்டும். கை சும்மா இருந்தது போல இருக்கும், பந்தோ முன்பைவிட வேகம்!

சின்ன வயதில் நீங்கள் சொல்லித் தந்த பந்துவீச்சுப் பாடத்தில் ஒன்றை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். முன்காலை உறுதியாக ஊன்றி, இடக்கையை நெஞ்சுக்கு இழுப்பது. "இது அருமை, யார் பழக்கினது?" என்று ரெகுலா கேட்டார். என் அப்பா, அதுதான் அந்த நோ போல்காரர் என்றேன். பெருமை தாங்க முடியவில்லை.

போன ஞாயிறு சோலோதுர்ன் நகரத்து அணியோடு ஆட்டம். அம்மா மடக்குக் கதிரையும் வடையுமாக வந்து முன்வரிசையில் இருந்தார். என் முதல் பந்துக்கே "நோ போல்!" என்று கத்தினார். அம்பயர் திகைத்துத் திரும்பிப் பார்த்தார். அடுத்த பந்துக்கும் கத்த, எங்கள் அணிப் பெடியள் வடை கேட்டு அம்மாவின் கவனத்தைத் திருப்பிவிட்டார்கள்.

ஆட்டம் பாதி தாண்டியது, நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். அவர்களுடைய நல்ல அடிகாரன் வந்து நிற்கிறான். அப்போது முழங்கைக்குள் மெல்லிய இழுப்பு. நோவு என்று சொல்ல முடியாது, நோவு வரப்போகிறது என்ற அறிவித்தல். என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பந்து என் கையில் இருந்தது. இவன் ஒருவனை மட்டும் முடித்துவிட்டுச் சொல்லலாமே என்று மனம் கெஞ்சியது. நீங்களும் அன்று மைதானத்தில் இதைத்தானே நினைத்திருப்பீர்கள்?

நான் கையைத் தூக்கி ருவேடியைக் கூப்பிட்டேன். மேட்டுக்கு வந்தவரிடம் "நோகப் போகிறது" என்று சொல்லிப் பந்தைக் கொடுத்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரி, கைக்கு இன்றைக்கு வேலை முடிந்தது" என்று முதுகில் தட்டி அனுப்பினார். எனக்குப் பதிலாகப் பேக்கரிக்காரக் கெவின் எறிந்தான். தோற்றுப்போனோம். அதைச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், நீங்கள் ஸ்கோர் கேட்காமல் விடமாட்டீர்களே.

நான் போய்ப் பக்கத்தில் இருந்ததும் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கொப்பரும் இப்பிடி ஒருக்கால் கையைத் தூக்கியிருந்தால்..." என்று தொடங்கியவர், மிச்ச வடையை என் கையில் வைத்தார். செவ்வாய்க்கிழமை சலூன் திறந்தபோது கையில் ஒரு நோவும் இல்லை. பூட்டும்வரை முடி வெட்டினேன்.

அப்பா, உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். மட்ச் எவ்வளவு பெரிதானாலும், நொந்தால் அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சொல்வேன். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்ன முதல் ஆள் நான்தான். நீங்களும் அங்கே யாராவது கேட்டால், தோள் நோகுது என்று சொல்லுங்கோ.

முழங்கை மடங்கினாலும் உங்கள் மகள்,
தர்ஷினி