கவர்னரைக் கட்டிய கம்பி

யூலை 7, திங்கள்

சோளகக் காற்று. எங்கள் தீவின் மாவிலித்துறையில் அலை கட்டுக்கு மேல் ஏறி விழுகிறது. வாங்க வேண்டியவை: கிறீஸ், அரை அங்குல நட் நாலு, சவர்க்காரம்.

நான் இஞ்சின் பார்க்கும் படகுக்கு வேறு இஞ்சின் பூட்டியாயிற்று. இன்று அதன் வேகத்தை அடக்கும் கவர்னரைப் பார்த்தேன். சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள். வேகம் கூடினால் வெளியே விரியும். விரிந்தால் நெம்பு இழுபடும், டீசல் குறையும். வேகம் விழுந்தால் குண்டுகள் ஒடுங்கும். வில் நெம்பைத் திருப்பித் தள்ள, டீசல் கூடும். மனிதன் கை வைக்கத் தேவையில்லை. வைக்கவும் கூடாது.

ஓட்டிப் பார்த்தபோது சத்தம் சற்று ஏறியது. குண்டுகள் விரிந்து அடக்கிவிட்டன. எல்லாம் சரி. நான்தான் ஏணியில் பாதி ஏறி நின்றேன், கைகள் காதில்.

இஞ்சின் அறை மூடியில் யாரோ தேசிக்காய் வெட்டி வைத்திருக்கிறார்கள். செத்துப்போன படகோட்டி செல்வண்ணை உள்ளே நிற்கிறாராம். படித்த சனம்! பேய் ஒன்றுமில்லை. கம்பி.

யூலை 8, செவ்வாய்

காற்று குறையவில்லை. ஓட்டமில்லை. செல்வண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமை.

ஒருமுறை எழுதி வைக்கிறேன். வைகாசியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்காக அக்கரைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுபோக எங்கள் படகுதான். நோயாளி ஏறினால் கவர்னர் நெம்பைக் கம்பியால் இழுத்துக் கட்டுவது இங்கே வழக்கம். டீசல் முழுதாகப் போகும், படகு பறக்கும். கட்டியது நான். தாயும் பிள்ளையும் தப்பினர்.

கரை சேர்ந்ததும் அவிழ்க்க வேண்டும். அதுவும் வழக்கம். அவிழ்க்கவில்லை. அடுத்த நாள் சனம் நேரத்துக்கு பஸ் பிடித்தது. "இண்டைக்குத்தானடா இது படகு, மற்ற நாளெல்லாம் மாட்டுவண்டி" என்று ஒருவர் முதுகில் தட்டினார். படகோட்டி செல்வண்ணை மட்டும் கேட்டார்.

"டேய், கம்பி கழட்டினியோ?"

"நாளைக்கு, அண்ணை."

இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள் அலை பின்பக்கத்தைத் தூக்கியது. விசிறி தண்ணீருக்கு வெளியே. பாரமில்லாத இஞ்சின் அலறியது. குண்டுகள் விரிந்துதான் இருக்கும், பாவம். நெம்பு எப்படி அசையும்? டீசலை அடைக்கச் செல்வண்ணை உள்ளே குதித்தார். வேகம் தாங்காமல் இஞ்சினின் பெரிய சுழல் சில்லு வெடித்து அவரில் பாய்ந்தது. நான் மேலே, கையில் கயிற்றோடு.

இன்று பின்னேரம் எங்கோ மா அரைக்கும் மில் சத்தம். சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

யூலை 9, புதன்

ஓட்டம் தொடங்கியது. துறையில் அந்தப் பெண், கையில் பிள்ளை.

"தம்பி, உம்மாலதான் இவன் இருக்கிறான். ஒருக்காத் தூக்கும்."

தூக்கினேன். சிரித்தது. உடனே திருப்பிக் கொடுத்தேன்.

படகில் இஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. ஒரு வாத்தியார் சொல்கிறார்: "செல்வம் அண்டைக்குக் குடிச்சு நல்ல வெறியாம்." படகு முதலாளி விசாரணைக்கு எழுதிக் கொடுத்ததும் அதுதான். ஒன்பது நாளும் கம்பியைக் கண்ட மனிதர். முதலாளியிடமே போய்க் கேட்டேன்.

"செத்தவனுக்கென்ன மானம்? நீர் வாயைப் பொத்திக்கொண்டு இஞ்சினைப் பாரும்."

செல்வண்ணை பியர்கூடத் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் மகளை "வெறிக்குட்டியின்ர பெட்டை" என்கிறார்களாம்.

கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூசக் கனடாவிலிருந்து காசோடு வருகிறார்கள். வேகமான படகொன்றுக்கு ஒருவருமில்லை. எங்கள் அம்புலன்ஸ் ஒரு முழக் கம்பி. தூ.

யூலை 10, வியாழன்

வெயில். காலில் செருப்பு அறுந்தது, வெறுங்காலோடு போனேன். செல்வண்ணையின் மனைவி மலரக்கா மாட்டுக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், முழுதும். அவர் கயிற்றை விடவில்லை. வாளியை மேலே எடுத்து, தொட்டியில் ஊற்றி, பிறகுதான் திரும்பினார்.

"அவர் குடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் சொன்னா ஆர் நம்பினம்? எழுதித் தாரும். விசாரிக்கிறவையிட்டை நானே குடுக்கிறன்."

மகளின் கொப்பியில் ஒரு தாள். கிணற்றுக் கட்டில் வைத்து எழுதினேன். கம்பியைக் கட்டியவன் நான், அவிழ்க்க மறந்துபோனேன். கீழே கையெழுத்து.

இரண்டு முறை வாசித்தார்.

"மறந்தனீரோ?"

மாடு தண்ணீர் உறிஞ்சும் சத்தம்.

"இல்லை, அக்கா."

"அப்ப அதை வெட்டும்."

வெட்டினேன். மேலே எழுதினேன்: படகு பறந்தது எனக்குப் பிடித்திருந்தது, அதனால் அவிழ்க்கவில்லை.