கொட்டகைக்கு வராத பக்கம்

மார்ச் 9

ஆஸ்பத்திரி விரிப்புகள் இன்று ஈரம் பிழியாமலே வந்தன. சலவைக்கூடத்தின் சூடான இஸ்திரி உருளையில் கொடுத்தால் ஆவி நேராக முகத்தில் அடிக்கிறது. மேனேஜரிடம் சொன்னேன். "பரீட்சை எழுதற பொண்ணுக்கு வேர்வை ஆகாதோ?" என்றார். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நாளை மறுநாள் உலக வரலாறு. அதுதான் கடைசிப் பாடம். அதில் அறுபது எடுத்தால் மாலைக் கல்லூரியில் இடம். எடுக்காவிட்டால் இந்த உருளைதான், இதே ஆவிதான்.

மார்ச் 11

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பள்ளி மாணவர்களுக்குப் பெரிய கட்டடம். வேலை பார்த்துக்கொண்டே எழுதும் எங்களைப் போன்ற தனித்தேர்வர்களுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. அது பழகிப்போன விஷயம். எழுதி முடித்து வெளியே வந்தேன். சித்தி மகன் வாசலில் நின்றான். அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான், இதே தேர்வைப் பெரிய கட்டடத்தில் எழுதியிருந்தான். எல்லாரையும் திருத்திக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவனுக்கு அகராதி என்று பெயர். கேள்வித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, கொட்டகையில் என் பக்கத்தில் எழுதிய கொத்தனாரைக் குடைந்துகொண்டிருந்தான்.

"பாஸ்டில் சிறை ஏன் வீழ்ந்ததுன்னு என்ன எழுதினீங்க?"

"அஸ்திவாரம் சரியில்லன்னு எழுதினேன் தம்பி. எத்தனை கட்டடம் பாத்திருக்கேன், விழறதுக்கு வேற என்ன காரணம் இருக்கப்போகுது?"

அகராதி தலையில் அடித்துக்கொண்டான். கொத்தனார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு அகராதி என் பக்கம் திரும்பினான்.

"கடைசிக் கேள்வி உனக்குன்னே கேட்ட மாதிரி இருந்துச்சே அக்கா. தொழிற்புரட்சிக் காலத்துல தொழிலாளர் நிலை. பதினஞ்சு மார்க்கு."

"எந்தக் கேள்வி?"

காட்டினான். ஏழாம் பக்கம். என் தாள் ஆறாம் பக்கத்தோடு முடிந்திருந்தது. கொத்தனாருடையதும் அப்படித்தான். கொட்டகையிலிருந்து வந்த ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்த்தேன். யாரிடமும் ஏழாம் பக்கம் இல்லை.

ஒருவர்கூடக் கேட்கவில்லையே, ஏன்? நான் ஏன் கேட்கவில்லை? குறைவாகக் கொடுத்தால் குறைவாகத்தான் இருக்கும்போல என்று வாங்கிக்கொள்கிற புத்தி. அதுதான் எங்கள் எல்லாருக்கும் பொதுப்பாடம்.

மார்ச் 12

தேர்வு அலுவலகம். அதிகாரி தலை நிமிரவில்லை.

"பக்கத்தைச் சரிபாக்கணும்னு மேலயே போட்டிருக்கு. நீங்க பாக்கல."

"குடுத்தவங்களும் பாக்கல சார்."

இப்போது நிமிர்ந்தார். பிறகு குரலில் தேன். கொட்டகையில் எழுதியவர்களுக்குக் கருணை மதிப்பெண் போட்டு எல்லாரையும் தேற வைத்துவிடுவார்களாம். ஆனால் அந்த மதிப்பெண் தேர்ச்சிக்கு மட்டும்தான், கல்லூரி சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் கணக்குப்படி மிச்சமிருக்கும் கேள்விகளில் எனக்கு ஐம்பத்தைந்தைத் தாண்டாது.

மறுதேர்வு கேட்டேன்.

"வைக்கலாம். எல்லாரும் சேர்ந்து கேட்டாத்தான். ஒருத்தர் கருணை மார்க் வாங்கிக்கிட்டாலும் மறுதேர்வு கிடையாது."

அவர்கள் பிழைக்கு எங்களுக்குக் கருணை. யாருக்கு யார் கருணை காட்டுவது?

மார்ச் 13

அம்மா: "பாஸ் போடறேன்னு சொல்றாங்களே, வாங்கிக்கிட்டு வாயேன்டி. அவங்ககிட்ட எதுக்கு மல்லுக்கு நிக்கற?"

பதில் சொன்னால் சண்டை.

மார்ச் 15

மறுதேர்வுக்குச் சேர்ந்து கேட்கலாம் என்று சொல்ல, கொத்தனாரைத் தேடிக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே போனேன். சாரத்திலிருந்து இறங்கி வந்து, சிமென்ட் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நான் பாஸ் ஆனா சூப்பர்வைசர் வேலை தங்கச்சி. முதலாளி சொல்லிட்டாரு. மறுபடி எழுதி நான் கோட்டைவிட்டா?"

"அப்ப நான்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உனக்கு வயசு இருக்கு. எனக்கு முட்டி தேஞ்சு போச்சு."

சுயநலம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். மற்றவர்களையும் திட்டினேன். ஏழு பேர் ஏற்கெனவே கருணை மதிப்பெண்ணுக்குச் சம்மதித்துவிட்டார்களாம்.

மார்ச் 16

விரிப்பு. விரிப்பு. விரிப்பு.

மதியம் உருளை நின்றபோது ஒன்று உறைத்தது. நேற்று முழுவதும் நான் திட்டியது யாரை? அந்த அதிகாரியை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொன்னார். நாங்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டோம். கொத்தனார் தேறுவதற்கும் நான் மறுபடி எழுதுவதற்கும் என்ன சம்பந்தம்? யார் போட்ட முடிச்சு இது?

மார்ச் 17

அரை நாள் விடுப்பு போட்டு மறுபடி தேர்வு அலுவலகம். சம்பளம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

"எல்லாரும் கேட்டாத்தான்னு சொன்னீங்களே சார், அது எந்த விதியில இருக்கு?"

"நடைமுறை."

"சரி சார். அதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் போயிடறேன்."

"எழுதிக் குடுக்கறதுக்கெல்லாம் வழி இல்ல."

"அப்ப மறுதேர்வுக்கு என் மனுவை வாங்கிக்கங்க. வாங்கற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். கொட்டகையில் எழுதிய நர்ஸ் உதவியாளர் ஒருத்தியும் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்த அதிகாரி எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். திரும்பி வந்தபோதும் தாண்டித்தான் வர வேண்டும். அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் இரண்டு மனுக்களையும் வாங்கி முத்திரை குத்தினார். கருணை மதிப்பெண் கேட்டவர்களுக்கு அது. மறுதேர்வு கேட்டவர்களுக்கு இது. அவ்வளவுதான். இதற்கு இத்தனை நாள்.

மார்ச் 18

கொத்தனாரிடம் போய், அன்று பேசியது தப்பு என்று சொல்ல நினைத்தேன். சொல்ல வாய் வரவில்லை. மனு வாங்கிக்கொண்டதை மட்டும் சொன்னேன்.

"என் பாஸுக்கு ஆபத்து இல்லையே?"

"இல்ல அண்ணே."

"அப்ப அந்த சுயநலத்தைத் திருப்பி வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 22

மறுதேர்வு. பெரிய கட்டடத்தில் இரண்டே பேர். நான் நெட்டுருப் போட்டிருந்த தொழிலாளர் கேள்வி வரவே இல்லை. கடல்வழி கண்டுபிடித்தவர்களின் சாதனைகளைக் கேட்டிருந்தார்கள். சாதனைகளை எழுதினேன். கப்பலுக்குள் சங்கிலியில் கட்டி அடிமைகளாக ஏற்றப்பட்டவர்களைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதினேன்.

"அது கேள்வியிலயே இல்லையே அக்கா, மார்க் போயிடும்" என்றான் அகராதி.

போனால் போகட்டும். கப்பலில் இருந்தார்களா இல்லையா?

ஜூன் 20

இனிமேல் எனக்குக் காலை ஷிப்ட் மட்டும்தான் வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"சாயங்காலம் உனக்கு என்ன வேலை?"

"காலேஜ் சார். வரலாறு."

"செத்தவங்க கதையத்தானே படிக்கப்போற? அதுல என்னம்மா தெரியும்?"

"யாரால செத்தாங்கன்னு தெரியும் சார்."

முகம் சுளித்தார். ஆனாலும் மாற்றிக் கொடுத்தார். விடியும் முன் உருளைக்கு முன்னால் நிற்க வேண்டும். வகுப்பு முடிந்து வீடு வர ராத்திரி ஆகும். எப்போதுதான் தூங்குவாய் என்று அம்மா கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றேன்.