ரோலரைத் தூக்க வைத்த தயிர்

மந்தாரக்குப்பம்
14.8.2002

அன்பு மகள் ரெஜினாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம், இந்தத் தடவை பொய் கலக்காமல் எழுதுகிறேன். மஸ்கட்டில் வெயில் எப்படி, ஆஸ்பத்திரியில் உனக்கு நைட் ஷிப்ட் குறைத்தார்களா?

உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். டைபாய்டில் ஏழு வாரம் கிடந்து ஜூனில் சுரங்கத்து வேலைக்குப் போனபோது சூப்பர்வைசர் தெய்வசிகாமணி எனக்கு கேட் பாஸ் தரவில்லை. நோயில் கிடந்து வரும் காண்ட்ராக்ட் ஆள் கரி போகும் பெல்ட்டுக்கு அடியில் உருளும் முப்பது கிலோ இரும்பு ரோலரைத் தூக்கிக்கொண்டு யார்டில் இருபது எட்டு நடந்து காட்ட வேண்டும், அது அவன் போட்ட சட்டம். பர்மனென்ட்காரனுக்கு மெடிக்கல் லீவு, நமக்கு ரோலர். தொடையில் சதையே இல்லை, நாலாவது எட்டில் விழுந்தேன். வூட்ல கஞ்சி குடிச்சிக்கினு கெடய்யா, ஒன்னத் தூக்க நாலு பேருக்கு நான் எங்க போவேன் என்றான். பதினெட்டு வருஷம் கூட வேலை பார்த்தவர்களும் சிரித்தார்கள்.

அந்த ஆத்திரத்தில் தினம் ஆறு முட்டை தின்றேன், அத்தனையும் வயிற்றால் போனது. அவன் மேல கோவம்னா கோழி என்னாய்யா பண்ணுச்சி என்றாள் அம்மா. வயிறு நிற்கவில்லை என்று மட்டும் உனக்கு எழுதினேன். மாத்திரை குடலில் இருந்த நல்ல கிருமியையும் கொன்றிருக்கும், முதலில் தயிரும் நீராகாரமும், வயிறு தேறியதும் முட்டை, பயறு, கருவாடு என்று நீ பதில் போட்டாய். அப்படியே செய்தேன். ஸ்டூலில் பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொன்னாயே, செபமாலை மணி உருட்டுவதுபோல ஒவ்வொரு தடவையும் அவன் பேரைச் சொல்லித்தான் எழுந்தேன். பத்து ஐம்பதாயிற்று.

போன திங்கட்கிழமை தூக்கினேன். இருபதாவது எட்டில் நிற்கவில்லை, அவன் நாற்காலி வரைக்கும் நடந்து, புடிங்க சார் என்று கையில் கொடுத்தேன். வாங்கிவிட்டான், பாரம் தாங்கவில்லை. டேய், யாராவது வாங்கித் தொலைங்கடா என்று கத்தினான். அன்றைக்குச் சிரித்த ஒருத்தனும் நகரவில்லை. கீழே போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பாஸில் கையெழுத்துப் போட்டான்.

பாஸ்தான் கெடச்சிடுச்சே, மன்னிச்சி விட்டுடு என்கிறாள் அம்மா. மாட்டேன். மஞ்சள் காமாலையில் கிடந்த தனகோட்டி, அவனும் என்னைப்போல காண்ட்ராக்ட் ஆள்தான், அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறான். டாக்டரைக் கேட்டுக்கொண்டு நம் வீட்டுத் தயிர்தான் தினம் அவனுக்குப் போகிறது. அவனும் நாற்காலி வரைக்கும் நடப்பான்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

உன் அப்பா,
இருதயசாமி