தகப்பனுக்காகத் தள்ளிப்போட்ட ஞானஸ்நானம்

பிரியமுள்ள சண்முகவேலு,

நேற்று ஈஸ்டர். நீ போன பிறகு வந்த முதல் ஈஸ்டர். உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நேரில் சொல்ல வழியில்லாததால் எழுதுகிறேன். சபையின் மாத இதழில் இதைப் போடக் குருவானவர் ஒத்துக்கொண்டார், அதனால் ஊரே படிக்கும். படிக்கட்டும். உயிரோடு இருந்தபோது நீ மூடி வைத்த விஷயம்தான். இனி மூடி வைத்து யாருக்கு என்ன லாபம்?

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். நீ குருவிகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். நான் சங்கரன்கோவிலில் பருத்தி அரைக்கிற மில்லில் எடை போடுகிறவன். எடை கூடுவதற்காகப் பருத்தியில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிற ஊர் இது. ஒரு வருஷம் நீயும் தெளித்துக் கொண்டுவந்தாய். நான் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தேன். "ராத்திரிப் பனி பலமா பெஞ்சிட்டு அண்ணாச்சி" என்றாய், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

நீ கோவிலுக்குள் வந்ததும் திட்டமிட்டு வந்ததல்ல. ஓர் ஈஸ்டர் விடியற்காலையில் வண்டியில் பருத்தியோடு வந்து, மில் பூட்டியிருப்பதைப் பார்த்து, என்னைத் தேடிக்கொண்டு ஆராதனைக்கு வந்தாய். கடைசி பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஆராதனை முடிந்ததும் எடையைப் பற்றிக் கேட்பாய் என்று பார்த்தேன். நீ வேறொன்றைக் கேட்டாய்.

"அந்தப் பொம்பளையாளுக ஏசுவோட கல்லறைக்குப் போறாக. வாசல்ல கெடக்க கல்ல யாரு தள்ளுவான்னு வழியெல்லாம் கவலப்பட்டுக்கிட்டே போறாக. தள்ள ஆளில்லன்னு தெரிஞ்சும் என்னத்துக்கு அண்ணாச்சி போறாக?"

நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிற கதை. எனக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை. "பிரியம்தான், வேற என்ன" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தேடினேன். நீ அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாய். அடுத்த ஞாயிறும் வந்தாய். பருத்தி இல்லாத காலத்திலும் வந்தாய்.

அப்புறம் வருஷக்கணக்காக அதே கடைசி பெஞ்சுதான். திருவிருந்துக்கு எல்லோரும் முன்னால் போகும்போது நீ உட்கார்ந்தே இருப்பாய். ஞானஸ்நானம் எடுத்துக்கொள் என்று நான் சொன்னபோது, உனக்கு விசுவாசம் இருக்கிறது, ஆனால் உன் அய்யாவும் இருக்கிறார் என்றாய்.

"எங்கய்யாவுக்கு ஒத்தைக்கொரு மகன் நான். அவருக்குக் கொள்ளி வைக்க வேற ஆளு கெடையாது. வேதத்துல சேந்துட்டா எங்க பங்காளி சொக்காரங்க என்னய அங்கன நிக்க விடமாட்டாங்க. அவரு காலம் முடியட்டும். மறுவாரமே வந்து முங்கிருதேன்."

"நம்ம சபையில முங்கவெல்லாம் வேண்டாம்டே. தலையில தண்ணி தெளிப்பாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

"தெளிக்கதுதானா? அது நமக்குத் தெரிஞ்ச வேலையாச்சே."

இருவரும் சிரித்தோம். ஆனால் இன்னொரு நாள் நீ சிரிக்காமல் கேட்டாய். என் தகப்பனை அடக்கம் பண்ணிவிட்டு வருகிறேன் என்று இயேசுவிடம் தவணை கேட்டவனைப் பற்றிப் பிரசங்கம் நடந்த நாள் அது. அவனுக்கு அந்தத் தவணை கிடைக்கவில்லை. "அவன் அதுக்கப்புறம் வந்தானா, போயிட்டானா அண்ணாச்சி? எழுதலையே" என்றாய். எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. நீ அவனாகவே உன்னை நினைத்துக்கொண்டிருந்தாயா?

உன் அய்யா போகவில்லை. எண்பதைத் தாண்டிய மனிதர், கண்ணில் புரை விழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு இருந்தார். நீதான் போனாய். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தாயாம். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சங்கரன்கோவில் வருவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்குச் சேதி வந்தபோது தராசில் மூட்டை இருந்தது. அதை எடை போட்டு முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அழவில்லை. நான் அப்படிப்பட்டவன், உனக்குத் தெரியும்.

உன்னை உங்கள் சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். உனக்கு ஆண்பிள்ளை இல்லை, மகள் மட்டும்தான். அதனால் உன் அய்யாவே நின்றார். அவருக்காக நீ உன் ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்தாய்; கடைசியில் அவர் உனக்குக் கொள்ளி வைத்தார். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வரப் பார்வை போதாமல் தடுமாறினார். "யாராச்சும் கையப் பிடிங்கப்பா" என்றார். பக்கத்தில் நின்றது நான். பிடித்துக்கொண்டேன். அந்தச் சடங்கில் நீங்கள் எப்படிச் சேரலாம் என்று நம் சபையில் ஒருவர் பிற்பாடு கேட்டார். கண் தெரியாத கிழவர் விழப்போனால் பிடிப்பது எந்த மதத்துச் சடங்கு என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சில வாரம் கழித்து உன் அய்யா பஸ் ஏறி மில்லுக்கு வந்தார். மூட்டையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம எம்மவன் உங்க கோயிலுக்குத்தான வந்துக்கிட்டிருந்தான்?"

அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. உரம் வாங்கப் போகிறேன், வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்று நீ சொன்னதெல்லாம் வீண். வருஷம் முழுக்க யார் உரம் வாங்குவார்கள் சண்முகவேலு?

"ஆமாய்யா" என்றேன்.

"உங்க ஆளுகளோட சேந்துட்டானா?"

"இல்ல."

"ஏன்?"

மழுப்பியிருக்கலாம். மகனைப் பறிகொடுத்த மனிதரிடம், உங்களுக்காகத்தான் என்று சொன்னால் அது அவருக்கு ஆறுதலா, சூடா? எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. உள்ளதைச் சொன்னேன்.

டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "கிறுக்குப் பய. எனக்குத் தீ வைக்க ஆளில்லன்னா என்ன, காக்காவா கொத்திக்கிட்டுப் போயிரும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா? கேட்டிருந்தா, போடான்னு சொல்லியிருப்பனே."

நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்டுப் பார் என்று சொல்லவில்லை. மறுத்துவிடுவார் என்று நாம் இரண்டு பேரும் நம்முடைய முடிவையே அவர் முடிவாக எடுத்துக்கொண்டோம். நம் பக்கத்தில் மகன் தகப்பனிடம் இதையெல்லாம் கேட்பதில்லை, மரியாதை என்கிறோம்.

அப்புறம்தான் அவர் வந்த காரியத்துக்கு வந்தார். "செத்தவன் எந்திரிப்பான்னு உங்க வேதத்துல உண்டாமே. உங்காளுகள முழுசாப் பொதைக்கிய. எம்மவன நான் எரிச்சுப்பிட்டேன். எரிச்சவன எழுப்ப முடியுமாய்யா உங்க சாமியால?"

"முடியும்" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சரீரங்கள் எழும் என்று விசுவாசிப்பதாக ஞாயிறுதோறும் சபையோடு சேர்ந்து சொல்கிறவன் நான். சொல்லும்போது மத்தியானச் சாப்பாட்டை நினைத்திருக்கிறேன். அதை ஒரு மனிதனுக்குப் பதிலாகச் சொன்னது அன்றைக்குத்தான். ஒருவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பப் போகிறார் என்றால், அது உண்மையாக இருந்தாக வேண்டும். அன்றிலிருந்து எனக்கு அது விளையாட்டாக இல்லை.

"அப்பம் என்னயும் சேத்துக்க" என்றார்.

குருவானவர் சும்மா சேர்த்துக்கொள்ளவில்லை. வேதம் படிக்க வாரம் ஒருநாள் வரச் சொன்னார். உன் அய்யா தடியோடு பஸ்ஸில் வந்து போனார். உன் வீட்டுக்காரி பேச்சியம்மாள் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை. சொக்காரர்கள் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். "எனக்குக் கொள்ளி வைக்கிற வேல உங்களுக்கு மிச்சம்ல, சந்தோசமாப் போங்க" என்று சொல்லி அனுப்பினாராம்.

எதற்காக ஞானஸ்நானம் கேட்கிறீர் என்று குருவானவர் கேட்டார். மகன் போன வழியில் போவதற்கு என்றார் இவர்.

"வழி உங்க மகன் இல்லய்யா, கிறிஸ்துதான்."

"சரிய்யா. அந்த வழியில எம்மவன் போயிருக்கானா, இல்லயா? அதச் சொல்லுங்க."

குருவானவர் என்னைப் பார்த்தார், நான் சன்னலைப் பார்த்தேன். "போயிருக்காரு" என்றார் கடைசியில். உன் அய்யா வெளியே போன பிறகு, இப்படிச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று நான் கேட்டேன். "கர்த்தருக்குப் பக்கத்துச் சிலுவையில தொங்கி, அன்னைக்கே பரதீசுக்குப் போன கள்ளனுக்கு யாரு வே தண்ணி தெளிச்சா?" என்றார்.

இருந்தாலும் உன்னிடமே கேட்கிறேன். நாங்கள் சொன்னது சரிதானா? கிருபையின் வாசலில் ஒருவன் தகப்பனுக்காக நின்றால், அதை நிற்பது என்று கணக்கில் எடுப்பார்களா, உள்ளே வந்தது என்று எடுப்பார்களா?

நேற்று விடியற்கால ஆராதனையில் அவருக்கு ஞானஸ்நானம். சாட்சியாக நான் பக்கத்தில் நின்றேன். வேதத்திலிருந்து புதுப்பேர் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஆபிரகாம் என்று பேசி முடிவாகியிருந்தது. பேச்சியம்மாளும் உன் மகளும் வந்திருந்தார்கள். உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

குருவானவர் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு பேரைக் கேட்டார்.

"மாடசாமி" என்றார் உன் அய்யா.

குருவானவர் குனிந்து, "ஆபிரகாம்னு சொன்னமேய்யா" என்றார் மெதுவாக. எனக்கு மட்டும் கேட்டது. உன் அய்யாவும் அதே மாதிரி மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"பேர மாத்திப்பிட்டா, எம்மவன் எந்திரிச்சு வந்து தேடும்போது எந்தப் பேரச் சொல்லி விசாரிப்பான்?"

குருவானவர் கையில் தண்ணீரை அள்ளினார். பிறகு மாடசாமி என்றே அழைத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பேரால் தலையில் மூன்று தரம் தெளித்தார்.

நான் அழுதேன் சண்முகவேலு. நீ இறந்த அன்று வராத அழுகை, நடு ஆராதனையில், அத்தனை பேர் முன்னால் வந்தது. துடைத்துக்கொள்ளத் துண்டுகூட எடுத்துப் போகவில்லை.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் அய்யாவின் நாள் வரும்போது நம் கல்லறைத் தோட்டத்தில் உன் இடத்தில் நின்று முதல் பிடி மண்ணை நான் போடுவேன். தலைமாட்டில் கல் நட்டு, அதில் மாடசாமி என்றே வெட்டச் சொல்லுவேன். நீ தேடி வரும்போது தூரத்திலிருந்தே தெரியும்படி, பெரிய எழுத்தில்.

உன் அய்யாவை இனி என் அய்யாவாகவும் வைத்துக்கொண்டிருக்கும்,
உன் ஞானமுத்து அண்ணாச்சி,
சங்கரன்கோவில், எண்பத்து நாலாம் வருஷத்து ஈஸ்டருக்கு மறுநாள்.