புஷ்பம் அக்காவின் குளிர்கால அத்தர்

முகம் பார்க்காமலே பழகிப்போன என் புஷ்பம் அக்காவுக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்திருந்தோம். தூறல் விட்டுவிட்டுப் பெய்து திரியை அணைத்துக்கொண்டே இருந்தது. உங்கள் மகள் செசிலி குடையைத் தன் தலைக்குப் பிடிக்கவில்லை, மெழுகுவர்த்திக்குப் பிடித்தாள். தொப்பலாக நனைந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் துவட்டி, மிளகுக் கஷாயம் கொடுத்தேன். சளி பிடிக்கவில்லை, கவலைப்படாதீர்கள்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்குமா? மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்கிறார் பங்குச் சாமியார். இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. டைபாய்டு உங்களைக் கொண்டுபோய் இரண்டு வருஷம் கழித்து, உங்கள் கணவர் கட்டிக்கொண்டு வந்தவள். சாந்தோம் தெருவில் நீங்கள் வாழ்ந்த அதே வீட்டில், நீங்கள் சமைத்த அதே அடுப்பில்தான் சமைக்கிறேன்.

உங்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது, அக்கா. கூடத்தில் உங்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. கல்யாணப் படத்தில் யார்தான் சிரித்திருக்கிறார்கள்? அவரைக் கேட்டால், "நல்லவ" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. செசிலியோ என்னிடம் தேவைக்குத்தான் பேசுவாள். "அம்மா"ன்னு கூப்பிடு என்று பங்குக் கோயிலில் எல்லாரும் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் என்னை எதுவுமே கூப்பிடாமல் சமாளித்தாள். "சாப்பாடு ஆச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். ஒன்பது வயதுக்கு எவ்வளவு சாமர்த்தியம்!

போன மார்கழியில் கடற்காற்று ஈரத்தோடு அடித்த ஒரு காலை, பூசைக்குக் கிளம்பும்போது எனக்கு நடுங்கியது. "அலமாரில சால்வை இருக்கு பாரு, எடுத்துப் போத்திக்க" என்றார் அவர். பழுப்பு நிறச் சால்வை, உங்களுடையது. பிரித்தபோது உள் மடிப்பிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி உருண்டு என் கையில் விழுந்தது. அடியில் கொஞ்சம் எண்ணெய், தேன் நிறத்தில்.

திறந்து மோந்தேன். நாட்டு மருந்துக் கடையின் இழுப்பறையைத் திறந்ததுபோல் காரமாக முகத்தில் அடித்தது. இதையா ஒரு பெண்பிள்ளை பூசிக்கொள்வாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஒரு சொட்டைத் தொட்டுக் கழுத்தில் தடவினேன். அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் காரம் கூடவே வந்தது. உட்கார்ந்து, சால்வைக்குள் உடம்பு சூடு ஏற ஏற, வாசனை மாற ஆரம்பித்தது. முதலில் கிராம்பு வந்தது, பிறகு ஏலக்காய். நற்கருணை நேரத்துக்கு, நனைந்த மண்ணை யாரோ சந்தனக்கட்டையால் கிளறியதுபோல் ஒன்று. மல்லிகை வைத்தால் அடுத்த வரிசைக்குத்தான் முதலில் தெரியும். இது அப்படியில்லை. குனிந்தால் எனக்கு மட்டும் தெரிந்தது. வெயிலில் காய்ந்த கம்பளியை யாரோ நெஞ்சில் போர்த்திவிட்டதுபோல் இருந்தது. குளிர் எங்கேயோ வெளியில் நின்றுவிட்டது.

இதை யாருக்காகப் பூசிக்கொண்டீர்கள்? எங்கே வாங்கினீர்கள்? சால்வைக்குள் ஏன் வைத்தீர்கள்? பூசை முடியும்வரை என் ஜெபம் முழுக்கக் கேள்வியாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் காப்பி கொடுக்கிற சாக்கில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் பேப்பரைவிட்டு நிமிரவில்லை.

"அக்கா அத்தர் போடுவாங்களா?"

"அத்தரா? புஷ்பமா? அவ பவுடரே போட மாட்டாளே!" என்று சொல்லிவிட்டு, மட்டையிலிருந்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடி எடுத்து உறிஞ்சினார். அந்தப் பொடி மூக்குக்கு எது தெரியப்போகிறது! இத்தனை வருஷம் உங்களோடு வாழ்ந்த மனிதருக்கு நீங்கள் மணந்ததே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, உங்களுக்காகக் கொஞ்சம் கோபமும் வந்தது.

தெரிந்தது செசிலிக்குத்தான். சாயங்காலம் பாடப் புத்தகத்தோடு வழக்கத்தைவிடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சட்டென்று விறைத்துக்கொண்டாள்.

"அது எங்கம்மாது."

"ஆமாம்மா, சால்வைல இருந்திச்சு..."

"தீந்துடும்!" அவ்வளவுதான், அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "நான் அதைத் தொட்டதே இல்ல. ஸ்கூல் விட்டு வந்து அலமாரியத் தொறந்து மோந்துட்டு மூடிடுவேன். தீந்துபோச்சுன்னா அம்மா எப்படி இருப்பாங்கன்னு மறந்துடும்."

நான் வாசனையைத்தான் பார்த்தேன். அவளுக்கு அதில் நீங்கள் இருந்தீர்கள். கழுத்தைக் கழுவப் போனேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கழுவாதீங்க. அதுவும் வீணாப் போயிடும்." அன்று படுக்கப் போகும்வரை என் தோளை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். அந்தச் சலுகை எனக்கல்ல என்று தெரிந்தும் நான் அசையவில்லை.

மறு சனிக்கிழமை குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு டிராமில் திருவல்லிக்கேணி அத்தர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியை மட்டும் மோந்தார்.

"இது ஹினா அத்தர், தாயி. குளிருக்குன்னே காச்சுறது. வெயில்ல போட்டுக்கினு போனா தலைய நோவும்."

உங்களை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இந்தப் பெண்ணின் சாயலில் ஒருத்தி, சாந்தோமிலிருந்து வருவாள் என்றேன். அவர் செசிலியின் முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "எத்தினியோ பேரு வராங்கோ, தாயி" என்றார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஒரே ஒரு சேதியாவது கிடைக்காதா என்றுதானே அவ்வளவு தூரம் போனேன்?

புதுக் குப்பி ஒன்று வாங்கினோம். எங்கள் இருவர் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு சொட்டு தடவி அனுப்பினார். திரும்பும் டிராமில்தான், அக்கா, செசிலி தானாக வாய் திறந்தாள்.

"அம்மா பாட்டு டீச்சர் இல்லையா, மார்கழில தொண்டை கட்டிக்கும். இதைப் போட்டா நெஞ்சுல குளிராதுன்னு சொல்லுவாங்க. உங்கப்பாவுக்கு மூக்கே கிடையாதுடின்னு என்கிட்ட ரகசியமா சொல்லிச் சிரிப்பாங்க. சிரிச்சா இருமல் வந்துடும்."

நீங்கள் சிரிப்பவர்! படத்தில் இல்லாத சிரிப்பை அந்த டிராமில் நான் கேட்டேன்.

லஸ் நிறுத்தம் வருவதற்குள் அவள் தன் மணிக்கட்டை மோந்தாள், என்னுடையதை மோந்தாள், மறுபடி தன்னுடையதை மோந்தாள். "ஒரே குப்பிதானே? என்னுது இனிப்பா இருக்கு, உங்களுது வேற மாதிரி. அம்மாதும் இப்படி இருக்காது."

எனக்கும் அது வியப்புத்தான். ஆளுக்கு ஆள் தோல் வேறு, சூடு வேறு என்பதாலா? உங்கள் சால்வையையே போர்த்தி, உங்கள் அத்தரையே பூசினாலும் நான் நீங்களாக முடியாது போலிருக்கிறது. அதைக் கேட்டு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, அக்கா. மூச்சு லேசாகத்தான் வந்தது.

"என்னுது எப்படி இருக்கு? நல்லால்லையா?"

இன்னொரு தடவை மோந்து யோசித்தாள். "புகை போட்ட மாதிரி இருக்கு. பரவால்ல சித்தி, நல்லாத்தான் இருக்கு."

சித்தி! "அப்படிக் கூப்பிட யாரு சொல்லிக்கொடுத்தா?" என்றேன்.

"யாரும் சொல்லல. அம்மா ஒருத்தங்கதான். அம்மாவுக்குத் தங்கச்சின்னா சித்திதானே?"

உங்களுக்குத் தங்கை கிடையாது, ஒரே பெண் என்று பிறகு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் இல்லாத தங்கையை டிராமில் வைத்து உங்கள் மகள் உங்களுக்குக் கொடுத்துவிட்டாள். தங்கை அக்காவை "நீங்கள்" என்று அழைப்பாளா? இனிமேல் "நீ" என்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மறுபடி ஈரக்காற்று தொடங்கிவிட்டது. உன் குப்பி செசிலியிடம்தான் இருக்கிறது. திறப்பதும் மூடுவதும் அவள் இஷ்டம். என் குப்பியை நான் பூசிக்கொள்கிறேன். அவள் வந்து மோந்துவிட்டு, உன்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாள். நேற்றுகூட, உனக்குப் பலாக்கொட்டைக் குழம்பு பிடிக்கும் என்றாள். இவளுக்கு வயது ஏற ஏற இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், அக்கா. அதை யாரால் தடுக்க முடியும்? ஆனால் கேட்டவள் நான் இருக்கிறேன். ஒரு நாள் அவள் வந்து, "சித்தி, எங்கம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டால், உன்னை ஒருநாளும் பார்க்காத நான், ஒன்றுவிடாமல் சொல்வேன். இது சத்தியம்.

உன் செசிலியின் சித்தி,
ஆகவே உன் தங்கை,
ஸ்டெல்லா