பொட்டு வைத்த தாள்

6-10-1986
கடைக்கு இன்று ஒரே ஒரு கட்டட வரைபடம்தான் பிரிண்ட் போட வந்தது. மீதி நேரமெல்லாம் பிரிண்ட் போடும் நம்ம நீல விளக்கு மகள் தெய்வநாயகிக்கு. அவள் ஆராய்ச்சி செய்கிறாள், எஸ்.எஸ்.எல்.சி.யில் விழுந்த அப்பன் சுவிட்ச் போடுகிறேன்.

யாராவது கேட்டால் உளறாமலிருக்க எழுதிவைக்கிறேன். பிளாஸ்டிக் தாள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். மருந்தில் ஊறவிட்டு, கோடு வெட்டிய மறைப்பை மேலே வைத்து விளக்கில் காட்டினால், கோட்டில் மட்டும் மருந்து இறுகும். மீதியைக் கழுவிவிட்டால் அந்தக் கோட்டுக்குள்ளேயே வெளிச்சம் ஓடுமாம், வாய்க்கால் தண்ணீர் மாதிரி.

நாலு தாள் வீண். ஒன்றுதான் பாக்கி. இருபதாம் தேதிக்குள் அதில் வெளிச்சம் ஓடாவிட்டால் மெட்ராஸ் பேராசிரியர் அவள் பதிவையே ரத்து செய்துவிடுவாராம்.

12-10-1986
ஆயுத பூஜை. விளக்கு, கத்தரி, அளவுகோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். அவள் பெட்டியைத் திறந்து தாளுக்கும் ஒன்று. நல்லது நடக்கட்டும் என்றுதானே?

தாள் அப்படியே உறிஞ்சிவிட்டது. துடைத்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. மூடிவிட்டேன்.

13-10-1986
சொல்லவில்லை.

15-10-1986
நேற்று விளக்கில் காட்டினாள். இன்று சேலம் காலேஜில் லேசர் விட்டுப் பார்த்தாளாம். "பாதியிலயே செத்துப்போகுதுங்கப்பா. நான் கண்ட வழியே தப்புங்க."

சௌந்திரம் சோறு போட்டபடி என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, புள்ள தோத்ததுக்கு நீங்க ஏன் முழிக்கிறீங்க?" பெண்டாட்டி கண்ணுக்கு எதுவும் தப்பாது.

16-10-1986
ஆராய்ச்சியை விட்டுவிடுவதாகப் பேராசிரியருக்குக் கடிதம். "தபால்ல போட்டுருங்கப்பா."

தபால் பெட்டி வாயில் கையை விட்டேன். விட்டுடுவேனா? ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னேன். பின்னாடி ஒருத்தர், "கை மாட்டிக்கிச்சுங்களா?" என்றார். ஆமாங்க.

கடிதத்தோடு வீடு திரும்பி அவளிடம் எல்லாம் சொன்னேன். அடிச்சிருந்தாக்கூடத் தேவலை. "என்ர தாளுக்குமாங்கப்பா பொட்டு?" சிரிக்கவில்லை. தாளை எடுத்துவந்து விரித்தாள். "எந்த எடத்துல வெச்சீங்க?"

தொட்டுக் காட்டினேன். அளவுகோல் வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். வெளிச்சம் செத்த இடம் அதேதான்.

18-10-1986
பொட்டுக்கு இந்தப் பக்கம் கெடாத ஒன்றரை அங்குலம். அதை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துப்போய் சேலம் காலேஜில் லேசர் விட்டாள். மறுமுனையில் கடுகளவு சிவப்பு வெளிச்சம். நானும் பார்த்தேன்.

மெட்ராசுக்குப் புதுக் கடிதம். தாள் கெட்டதற்குக் காரணம் "எதிர்பாராத கலப்பு" என்று எழுதியிருக்கிறாள். அந்தக் கலப்பு நான்தான்.

11-11-1986
மார்ச் வரை அவகாசம். பார்சலில் ஐந்து தாள். "நீங்களே பிரிங்கப்பா" என்றாள்.

சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன். இரண்டு தரம்.